குங்குமம் வைத்த படிகங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வந்த அந்த வருடங்களில் என் தூக்கத்தில் பாதியை வீட்டிலும் மீதியை அத்திப்பள்ளி செக்போஸ்ட்டிலும் தூங்கினேன் என்று என் கணவர் கேலி செய்வார். பொய்யில்லை. காலைப் பனி இன்னும் கலைந்திருக்காது. பேருந்து எல்லையை நெருங்கியதும் லாரிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். தமிழ்ப் பலகைகள் முடிந்து கன்னடப் பலகைகள் தொடங்கும் அந்த இடத்தில், ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தால் போதும், கண் சொருகிவிடும். நடத்துநர் பழகியவர். பக்கத்தில் உட்காருபவர்களிடம் "அம்மாவ எழுப்பாதீங்க, சில்க் போர்டு ஸ்டாப்புல நானே எழுப்பிக்கறேன்" என்பார்.

தூக்கம் என்றால் முழுத் தூக்கமும் இல்லை. பாதிக் கண்ணில் லாரிகள் தெரிந்துகொண்டே இருக்கும். எல்லா லாரியின் எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும், எந்த லாரியும் நகராது. நகர இடமிருந்தால்தானே! எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பொருளுக்குள்ளேயும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது.

அது மீகடத்தி. மின்சாரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஓடும் பொருள். அதற்குள் செம்பும் ஆக்சிஜனும் கட்டம் கட்டமாக அமைந்த தளங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஓர் எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கும். பழைய பாடப்புத்தகக் கணக்குப்படி பார்த்தால் அது உலோகம்போல மின்சாரத்தைக் கடத்த வேண்டும். ஆனால் தொடக்கத்தில் அது கடத்தாது. பக்கத்து இடத்தில் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு இருக்க அவற்றுக்கு ஆகாது. அதனால் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தப் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜனை ஊட்டினால், அது சில எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போலீஸ்காரர் வந்து நாலைந்து லாரிகளை ஓரம் கட்டினது மாதிரி. காலியிடம் விழுந்ததும் பின்னால் இருப்பது அங்கே நகரும், அது விட்ட இடத்துக்கு அதற்கும் பின்னால் இருப்பது நகரும். மெல்ல மெல்ல மொத்தக் கூட்டமும் ஓடத் தொடங்கும். அதன்பிறகு குளிரவைத்தால் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டு தடையே இல்லாமல் ஓடும். பழைய மீகடத்திகளுக்கு வேண்டிய கொடுங்குளிர்கூட இதற்குத் தேவையில்லை. இந்த இனத்தில் நல்ல வகைகளுக்குத் திரவ நைட்ரஜனின் குளிரே போதும். ஏன் ஜோடி சேர்கின்றன என்று கேட்காதீர்கள். அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

அந்த அரைத்தூக்கத்தில் நான் பலமுறை அந்தத் தளத்தில் நடந்திருக்கிறேன். தரை முழுக்கச் செம்பு நிறம். பனி. எங்கோ தூரத்தில் ஒரு காலியிடம் என்னை நோக்கி மிதந்து வரும். அது என்னைக் கடந்து போகும்போது நான் ஓர் அடி முன்னால் நகர்ந்திருப்பேன், காலை எடுத்து வைக்காமலே. பிறகு நடத்துநர் தோளைத் தட்டுவார்.

என் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது ஒரு வளைவின் நீளம். ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எந்தத் திசையில் எவ்வளவு உந்தத்தோடு ஓடுகின்றன என்று ஒரு படம் வரையலாம். நல்ல உலோகமாக இருந்தால் அந்தப் படத்தில் ஓர் எல்லைக்கோடு வரும். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துவிடும். எங்கள் பொருளில் காலியிடங்கள் குறைவாக இருக்கும்போது அந்தக் கோடு முழுதாக வருவதில்லை. மூலைவிட்டத் திசைகளில் மட்டும் நான்கு வில் துண்டுகள் தெரியும். மற்ற இடங்களில் கோடு மங்கிக் காணாமல் போகும். தார் ரோடு போய்க்கொண்டே இருந்து திடீரென்று கம்பங்கொல்லையில் முடிவதுபோல. கோடு நடுவழியில் முடியக் கூடாது என்பது பாடம். முடிகிறது என்பது கண்ணில் தெரிகிறது. வெப்பநிலை குறையக் குறைய அந்த வில்லின் நீளம் எப்படி மாறுகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அவ்வளவுக்கே வருடங்கள் ஓடிவிட்டன.

என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்தது முழுக்க இங்கேதான். என் கணவர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவிக்காரர். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே "நான் படித்து முடிக்கும்வரை பெங்களூர் போவேன்" என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். அவரும் சரியென்றார். மூன்றாவது ஷிஃப்ட் வாரங்களில், இரவு வேலை முடிந்து அவர் உள்ளே வரும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "உன் எலக்ட்ரான் எல்லாம் சௌக்கியமா?" என்பார். "நேத்து வரைக்கும் சௌக்கியம்" என்று நான் இறங்கிப் போவேன். பல நாள் எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

என் மாமியாருக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதை மறைக்கிற ஆளும் அவர் இல்லை. கல்லாவி சந்தையில் யாரோ "மருமவ என்ன பண்றா?" என்று கேட்டதற்கு, "ஊருல அவ அவ புள்ள வளக்கறா, எம் மருமவ கல்லு வளக்கறா" என்று பதில் சொன்னாராம். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் வளர்த்தது கல்தான். பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், செம்பு எல்லாவற்றின் பொடியையும் கலந்து, சுட்டு, குச்சியாக்கி, கண்ணாடி உலையில் தொங்கவிடுவோம். விளக்கொளி முழுவதும் வளைந்த கண்ணாடிகளில் பட்டு ஒரே புள்ளியில் விழும். அங்கே குச்சி உருகி ஒரு சொட்டாக நிற்கும். அந்தச் சொட்டைக் கீழே விடாமல் மெதுவாக நகர்த்த வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்தான் தெரியும். சொட்டு விழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனக்கு எத்தனையோ சொட்டுகள் விழுந்திருக்கின்றன. கடைசியில் ஒரு வருடம் ஆடி மாதம் ஒரு குச்சி உருப்படியாக வந்தது. பிளேடால் மெல்லத் தட்டிப் பிரித்தபோது உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடிபோல மின்னும் சில்லுகள் கிடைத்தன. நல்லவையாகப் பொறுக்கினால் கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். ஆக்சிஜன் அளவை எனக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த இன்னும் சில வாரம்.

அதற்குள் மாமியார் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் புதிதாக ஓர் இன்ஜினியரிங் காலேஜ் வந்திருந்தது. அங்கே பிசிக்ஸ் லெக்சரர் இடம் ஒன்றை யாரோ சொந்தக்காரர் மூலம் பேசி வைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டார்.

"எத்தினி வருசம் கண்ணு இப்பிடியே பஸ்ஸுல போயி வந்துகினு இருப்ப? அந்த காலேஜு தீவாளி வரைக்கும்தான் எடத்த வச்சிருப்பாங்களாம். நீ இன்னா சொல்ற?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"சரி அத்தே. தீபாவளிக்குள்ள இந்தப் படிகத்துல எனக்கு வேண்டியது வரலைன்னா மூட்டையைக் கட்டிட்டு அந்தக் காலேஜுக்கே போயிடறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்னபிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். தீபாவளிக்குப் பிறகு, அந்த வில்லை அளக்கும் எங்கள் கருவியைக் கழற்றிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மறுபடி அது ஓட எத்தனை மாதமாகுமோ. அதற்கு முன் எனக்கென்று ஒரே ஒரு வாரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நான் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. சரி, அவரும் அம்மா கட்சிதான் என்று எனக்குள் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஆயுதபூஜை வந்தது.

எங்கள் ஆய்வகத்தின் ஆயுதபூஜையைப் பார்த்திருந்தால்தான் என் பயம் புரியும். வொர்க்‌ஷாப் ஆட்கள் கடப்பாரையிலிருந்து கம்ப்யூட்டர்வரை ஒன்றையும் விடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். முந்தின வருடம் எங்கள் வெற்றிடக் கலத்தின் கண்ணாடி ஜன்னலுக்கே பெரிய பொட்டு வைத்துவிட்டார்கள். காற்றின் ஓர் அணுகூட இருக்கக் கூடாது என்று நாங்கள் பாடுபடுகிற கலம் அது! இந்த முறை என் படிகப் பெட்டியை யாராவது திறந்துவிட்டால்? பூஜைக்கு முந்தின நாள் பெட்டியைக் கைப்பையில் வைத்துப் பத்திரமாக ஓசூருக்கு எடுத்துவந்துவிட்டேன். மாத்திரை டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பீரோமேல் வைத்துவிட்டு, "இதுதாங்க என் உயிரு. நாலு நாள் இங்கே இருக்கட்டும்" என்று கணவரிடம் சொன்னேன்.

"நான் பாத்துக்கறன், போ" என்றார்.

பூஜையன்று காலை பொரி, கடலை, வாழை இலை வாங்க நான் மார்க்கெட்டுக்குப் போனேன். தூறல். பாகலூர் ரோடு முழுக்கச் சாமந்திப்பூ, எங்கு பார்த்தாலும் மஞ்சள். வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்களும் லாரிகளும் மாப்பிள்ளைகளாக நின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு ஒருவருக்கும் அவசரம் இல்லை. ஊருக்கே லீவு விட்ட மாதிரி ஒரு மிதப்பு. நானும் அந்த மிதப்பிலேயே வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் பலகை போட்டுப் பூஜை தயாராக இருந்தது. அவருடைய வெர்னியர், ஸ்பேனர்கள், பைக் சாவி, என் அரிவாள்மனை, என் புத்தகங்கள், கால்குலேட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் ஒரு வாழை இலைத் துண்டு. அதில் வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளிகூடப் பிசகாமல், என் படிகங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கடுகளவு சந்தனம், அதன்மேல் ஊசிமுனைக் குங்குமம்.

கையிலிருந்த பொரிப் பை கீழே விழுந்தது.

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "பாத்தியா? எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி, பனியன் வேஸ்ட்டுல தொடச்சி, பல்லுகுத்துற குச்சியால பொட்டு வச்சன். எங்க மெஷினுல இரும்பு சீவற கார்பைடு டிப்பு மாதிரியேதான் இருக்குது. கை நடுங்காம வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி. உன்னோட ஆயுதம் இதுதான?"

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை என்பார்கள். அன்றைக்குத்தான் அதன் சூடு தெரிந்தது. டூல் ரூமில் வருடா வருடம் அவர்கள் செய்வது அதுதான். கழுவாமல், துடைக்காமல் ஓர் ஆயுதத்தைச் சாமி முன் வைக்கமாட்டார்கள். என் கல்லும் அவருக்கு ஆயுதம்.

நான் என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "யாரைக் கேட்டுத் தொட்டே?" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவரிடம் பேசும்போது எப்போதும் இருக்கிற 'ங்க' அன்று எங்கோ பறந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். "ஏமாயிந்தம்மா?" என்று கேட்டவர், பலகையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்த பாகா பெட்டாரு!" எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார் என்று அவருக்கு மெச்சல். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"சாமிக்கு வச்சது எப்பிடி கெட்டுப்போவும்?" என்றார் என் கணவர், குரல் இறங்கி. "வேணும்னா கழுவிடட்டா?"

"தண்ணி காட்டாதே! தொடாதே! ஒண்ணையும் தொடாதே!"

அவர் எழுந்து வெளியே போனார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த பைக்கை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். வடையும் சுண்டலும் ஆறிப்போய்க் கிடந்தன. அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஸ்கிராப்பா, ரீவொர்க்கா?" தொழிற்சாலையில் தவறிப்போன பொருளுக்கு அந்த இரண்டு கதிதான். தூக்கி எறிவது அல்லது சரிசெய்வது.

"தெரியலீங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

லீவு முடிந்து பெட்டியோடு என் கைடைப் பார்க்கப் போனேன். மைசூர்க்காரர். எங்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் வரும். மூடியைத் திறந்து பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதேனம்மா இது, குங்குமா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கர்மா! நம்ம வொர்க்‌ஷாப்புக்கு பயந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?" என்று ஆரம்பித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மண்ணெண்ணெய் வாசம் கொஞ்சம் இருந்தால்கூட வெற்றிடக் கலம் மொத்தமும் பாழாகும். சூடுபடுத்தி விரட்டலாமென்றால் படிகத்திலிருந்து ஆக்சிஜனும் கிளம்பிவிடும், நான் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த அளவு குலைந்துபோகும். ஆகவே அசிட்டோனில் அலசி, சின்னக் கலத்தில் போட்டு, சூடே காட்டாமல் பம்ப்பால் உறிஞ்சிக்கொண்டே இருப்பது. வேறு வழியில்லை.

அந்த நாட்களில் நான் பம்ப் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பம்ப்பின் ரீங்காரம் தாலாட்டுப் போல ஒரே சுருதியில் ஓடும். எங்கிருந்தோ சந்தன வாசனை வருவதுபோல இருக்கும். உண்மையில் வந்ததா என் மூக்கின் மயக்கமா, தெரியாது. செம்புத் தரைமேல் தண்ணீர் ஏறுவதுபோலவும், அடுக்குகளுக்கு நடுவே மஞ்சள் நிறம் ஊறி ஊறிப் பரவுவதுபோலவும் தோன்றும். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவேன். மறுபடி அதே கனவு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பிறகு குளிரவைத்துக் காந்தச் சோதனை செய்து பார்த்தோம். எந்த வெப்பநிலையில் மீகடத்தி ஆக வேண்டுமோ அதே இடத்தில் ஆனது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அது மொத்தக் கல்லைப் பற்றிய செய்தி. எங்கள் கருவியோ படிகத்தின் மேல் ஒன்றிரண்டு அடுக்கை மட்டுமே பார்க்கும். ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளியே தெறிக்கும். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு தெறிக்கின்றன என்று அளந்தால் உள்ளே அவை எப்படி ஓடிக்கொண்டிருந்தன என்பது தெரியும். ஆழத்திலிருந்து கிளம்புபவை வழியிலேயே மோதித் தடுமாறிவிடும். அதனால் எப்போதுமே படிகத்தைக் கலத்துக்குள் வைத்துத்தான் பிளப்போம். படிகத்தின் தலையில் ஒரு சிறு கம்பித் துண்டை ஒட்டி, வெற்றிடத்துக்குள் கொண்டுபோய், நீளமான தண்டால் அதை ஒரு தட்டுத் தட்டினால் மேல் அடுக்கு பெயர்ந்து போகும். தேதித்தாள் கிழித்த காலண்டர் மாதிரி, உள்ளே யாரும் தொடாத புதுப்பக்கம் இருக்கும். இருக்க வேண்டும். ஓரங்களின் வழியாக மண்ணெண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால்?

எனக்கு ஒதுக்கிய வாரம் வந்தது. குளிரவைக்கத் திரவ ஹீலியம் வந்தது. முதல் படிகத்தைத் தட்டினேன். அடுக்கோடு பிளக்காமல் நொறுங்கியது. இரண்டாவது படிக்கட்டுப் படிக்கட்டாகப் பெயர்ந்தது, திரையில் வெறும் புகைதான். மூன்றாவதும் அப்படியே. அடுத்ததில் கம்பி மட்டும் கழன்று வந்தது, கல் அசையவே இல்லை. இப்படியே ஒவ்வொன்றாகப் போய், வாரத்தின் கடைசி நாள் காலையில் ஒரே ஒரு படிகம் மிச்சம் இருந்தது. பேருந்தில் வரும்போது, வழக்கமாகத் தூங்கும் நான், கண்ணைத் திறந்துகொண்டே அந்தக் காலேஜின் வகுப்பறையைக் கற்பனை செய்து பார்த்தேன். கரும்பலகை, அறுபது பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு. கெட்ட வாழ்க்கை ஒன்றும் இல்லை. ஆனால் என் வாழ்க்கை இல்லை.

கடைசிப் படிகத்தை உள்ளே அனுப்பினேன். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தண்டை நகர்த்தினேன். "தேவரே" என்றார் கைடு பின்னால் நின்று, கடவுள் நம்பிக்கை இல்லாத மனுஷர். தட்டினேன். கம்பி பறந்து விழுந்தது.

ஜன்னலுக்குள் ஒரு கீற்று வெளிச்சம் மின்னியது. கறுப்பாக, வழவழவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாத முகம்.

எலக்ட்ரான்களின் படம் சட்டென்று வராது. திரையில் புள்ளி புள்ளியாக விழும். முதலில் தூறல் மாதிரி. எதிலும் சேராத புள்ளிகள். ஒரு கோணத்தை முடித்து அடுத்த கோணம், அதை முடித்து அதற்கடுத்தது என்று மெல்லத் திருப்பிக்கொண்டே போனோம். மதியம் நெருங்கும்போது மூலைவிட்டத் திசையில் புள்ளிகள் கொஞ்சம் அடர்த்தியாக விழ ஆரம்பித்தன. பிறகு இன்னும் அடர்ந்தன. இருட்டான திரையில் மஞ்சளாக ஒரு வளைவு எழுந்தது. மெல்லிய, கூரான வில். அதன் இரண்டு நுனியும் ஒன்றுமில்லாத இருட்டில் கரைந்துபோயின. நடுவழியில் முடியக் கூடாத கோடு, கண்ணெதிரே, அழகாக, நடுவழியில் முடிந்திருந்தது. வெப்பநிலையைக் குறைத்ததும் வில் சுருங்கியது. ஏற்றியதும் நீண்டது. யாருடைய மண்ணெண்ணெயும் அங்கே போய்ச் சேரவில்லை.

"ஆய்த்து" என்றார் கைடு. ஆயிற்று. அளவுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைச் சாப்பிட அனுப்பினார்.

நான் சாப்பிடப் போகவில்லை. வராந்தாவில் இருந்த போனுக்குப் போனேன்.

என் கணவரின் தொழிற்சாலையில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவசரமென்றால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் போனுக்கு யாரும் சும்மா கூப்பிடுவதில்லை. சாவு அல்லது பிரசவம், அல்லது விபத்து. உங்களுக்குக் கேட்டில் போன் என்று உள்ளே சொன்னால், சுற்றியிருப்பவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு அந்த ஆளைப் பாவமாகப் பார்ப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரிந்தும் கூப்பிட்டேன். செக்யூரிட்டி "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று கேட்டார். அவர் பேரையும் டூல் ரூம் என்பதையும் சொல்லி, "கொஞ்சம் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் ஓடிவருவது போனிலேயே கேட்டது. ஷூ சத்தம், பிறகு மூச்சிரைப்பு.

"ஹலோ? யாரு? நீயா? என்னாச்சி?"

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அத்தனை வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை.

"இரு. அழுவாத" என்றார். "புரிஞ்சிப்போச்சி. ஸ்கிராப்புதான? போனா போவுது வுடு. என்னாலதான் ஆச்சி, ஆனது ஆயிப்போச்சி. இப்ப சொல்றன் கேட்டுக்க. நீ அந்த காலேஜுக்குலாம் போவ வேணாம்."

"ஏங்க..."

"பேசாத, நான் சொல்லிடறன். அன்னிக்கு அம்மா எதிர்ல நீ சத்தியம் பண்ணப்ப எனக்கு சோறே எறங்கல. வேணாம்னு சொல்ல வாய் வர்ல. இத்தினி நாளா அதான் உறுத்திக்கினு இருக்குது. அம்மாகிட்ட நான் பேசிக்கறன். அவுங்க என்னைத் திட்டினாலும் திட்டட்டும். நீ மொதல்ல இருந்து ஆரம்பி. எத்தினி வருசம் ஆனாலும் ஆவட்டும். இனிமே நான் எதையும் தொடமாட்டன், சாமி சத்தியமா. கேக்குதா?"

கேட்டது. எல்லாம் கேட்டது. அன்று அவர் தலையைத் தூக்காமல் பிசைந்த சோற்றை நான் எப்படியெல்லாம் தப்பாகப் படித்திருக்கிறேன் என்பது புரிந்து இன்னும் அதிகமாக அழுதேன். பின்னால் செக்யூரிட்டி தணிந்த குரலில் "யாரு சார்? அப்பாவா?" என்று கேட்பதும் கேட்டது.

"வந்துருச்சுங்க" என்றேன்.

"என்னது?"

"வில்லு. கடைசிக் கல்லுல வந்துருச்சு. நல்லா வந்துருச்சு."



"அடிப்பாவி" என்றார். பிறகு செக்யூரிட்டி பக்கம் திரும்பி, "அப்பா இல்ல சார், கல்லு. பொழச்சிக்கிச்சி" என்பது கேட்டது.